மேனேஜருக்கு ஒரு வண்டி

பழைய கார் வாங்கி விற்பது என் தொழில். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கதவை ஒருமுறை சாத்திச் சத்தத்தைக் கேட்டாலே போதும், அந்த வண்டி எங்கே இடி வாங்கியது, எத்தனை கை மாறியது என்று சொல்லிவிடுவேன். அந்த மண்டைக்கனம் எனக்கு நிறையவே உண்டு. வாங்க வந்தவர் எனக்கே வண்டியைப் பற்றிப் பாடம் எடுத்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வேற கடையைப் பாருங்க சார் என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை ஓர் அளவு டேப்பும் ஒரு டம்ளர் தண்ணீருமாக வந்து வாயடைக்க வைத்தவள் என் அக்கா. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா ஒரு கண்ணாடிச் சாமான் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். டம்ளர், கிண்ணம், விளக்குக் குடுவை எல்லாம் அவள் கை பட்டுத்தான் லாரியிலும் கப்பலிலும் போகும். போய்ச் சேரும் இடத்தில் முழுசாகச் சேரும். புதிதாக ஓர் அட்டைப்பெட்டி வந்தால் அதோடு வந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே மாட்டாள். சாமானை வைத்துக் கட்டுவாள், காதோரம் வைத்துக் குலுக்குவாள், தன் தலை உயரத்திலிருந்து கீழே போடுவாள், அப்புறம்தான் கையெழுத்து. "உள்ள இருக்கிற டம்ளரா நான் இருந்தா எங்க இடிக்கும்னு யோசிப்பேன். வேற வித்தையெல்லாம் இல்லடா" என்பாள்.

அவள் வீட்டில் அவளும் இரண்டு நாய்களும்தான். பெரியது கன்றுக்குட்டி அளவு இருக்கும். தினமும் காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். சின்னது ஒரு பொடிசு. நகம் தரையில் பட்டு டக்டக்டக் என்று நாள் முழுக்கச் சத்தம் வருவதால் அது டைப்பிஸ்ட். மேனேஜர் கண்ணில் படாவிட்டால் டைப்பிஸ்ட் ஒரு வாய் சாப்பிடாது. ஒன்று போகிற இடத்துக்கு இரண்டும் போயாக வேண்டும்.

ஹாலில் ஒரு கயிற்றுக் கார்பெட் விரித்திருக்கும். அது மேனேஜரின் இடம். நான் வேண்டுமென்றே போய் அதில் உட்காருவேன். மேனேஜர் உறுமாது, குரைக்காது. எழுந்து வந்து என் விலாவில் தோளைக் கொடுத்து, நாலு காலையும் ஊன்றி, நான் நகர்கிற வரைக்கும் தள்ளும். "அடுத்தவங்க சீட்டுல உக்காந்தா விட்டுடுவாங்களா?" என்று அக்கா சிரிப்பாள். இதெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு வரை.

இரண்டு வருடத்துக்கு முன்பு தடுப்பூசிக்கு நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். பின்சீட்டில் மேனேஜர். கட்டிப் போடவா என்று அக்கா கேட்டாள். "மேனேஜரைப் போய்க் கட்டுவாங்களா, கம்பீரமா உக்காந்து வரட்டும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். ஒரு தண்ணி லாரி திடுதிப்பென்று திரும்பியது. பிரேக் போட்டேன். மேனேஜர் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் விழுந்தது. இடது இடுப்பு. எலும்பு கோணலாகக் கூடியது. அந்தப் பின்னங்காலை ஊன்றுவதையே மேனேஜர் விட்டுவிட்டது.

அதன்பிறகு அது எந்த வண்டியிலும் ஏறவில்லை. காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் போய் நின்றுகொள்ளும். கார்பெட்டில் நான் உட்கார்ந்தால் அப்போதும் தள்ள வரும். மூன்று காலில் நின்று தோளைக் கொடுத்தால் அதற்கே தள்ளாடும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அது பக்கத்தில் வருவதற்குள் நான் எழுந்துவிடுவேன். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஆறியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை, விற்கிற வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் என் யார்டுக்கு அக்கா வந்தாள்.

"இடுப்பு மூட்டு மொத்தமா தேஞ்சிடுச்சாம்டா. இப்படியே விட்டா கொஞ்ச மாசத்துல எந்திரிக்கவே முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணலாம். இங்கிருந்து நாலு மணி நேரம். ஆறு வாரம் கழிச்சு நாள் குடுத்திருக்காங்க. அந்த சர்ஜன் அதுக்கப்புறம் வெளிநாடு போறாராம்."

"மயக்க ஊசி போட்டுத் தூக்கிட்டுப் போயிடலாமேக்கா."

"அதுக்கு இதயம் வீக். ஆஸ்பத்திரியில மெஷின் வெச்சுதான் மயக்கம் குடுப்பாங்களாம், வழியிலெல்லாம் கூடாதாம். அது தானா ஏறணும். பதறாம வரணும். அதுக்கு ஒரு வண்டி வேணும்டா."

ஊரில் எத்தனை கார் வியாபாரி இருக்கிறான். என்னிடம் வந்தாள். சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "இருக்கிறதுலயே பெரிய வண்டியா எடுத்துத் தரேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

முதலில் காட்டியது ஜீப் மாதிரி உயரமான வண்டி. புதுசு போல மின்னும். யார்டின் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன், போகிறவன் வருகிறவன் எல்லாம் திரும்பிப் பார்ப்பான். அக்கா பையிலிருந்து டேப்பையும் ஒரு நோட்டையும் எடுத்தாள். நோட்டில் மேனேஜரின் அளவுகள்: நின்றால் தலை எவ்வளவு உயரம், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை எவ்வளவு நீளம், பக்கவாட்டில் படுத்தால் எவ்வளவு அகலம். பின்கதவைத் திறந்து தரையிலிருந்து டேப்பைப் பிடித்தாள்.

"என் இடுப்பு வரைக்கும் இருக்கு. பலகை போட்டாலும் ஏணி மாதிரி நிக்கும். இறங்கும்போது பாரம் பூரா முன்னங்கால்ல விழும். வேணாம்."

இரண்டாவது, மெத்தென்ற சீட் வைத்த ஒரு கார். சீட்டைத் தடவிப் பார்த்தாள். "மனுஷன் சாஞ்சு உக்காரணும்னு சீட்டைப் பின்னால சரிச்சு வெச்சிருக்கான். இதுல படுத்தா கெட்டுப்போன இடுப்பு மேலதான் மொத்த வெயிட்டும் இறங்கும்" என்றாள். அப்புறம் குனிந்து முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டிக்கு நடந்தோம்.

மூன்றாவது நல்ல நீளமான வண்டி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நான் மீசையைத் தடவிக்கொண்டிருக்கும்போது அக்கா பின்சீட்டை மடக்கிவிட்டு, கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு உள்ளே படுத்தாள்.

"கதவை மூடு. ஓட்டு."

"அக்கா, நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஓட்டுடா."

எதிர்க்கடை டயர்க்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டே வந்தார். "என்னண்ணே, கூடப் பொறந்தவங்கள டிக்கில போட்டு எங்க கடத்திட்டுப் போறீங்க?" எனக்கு மானம் போயிற்று. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. மேலே ஒரு கொக்கியில் டிஷ்யூ பேப்பர் கட்டித் தொங்க விட்டிருந்தாளாம். ஏசி ஓடியும் அது அசையவே இல்லையாம். "முன்னாடி உனக்குக் குளிரு, பின்னாடி அடுப்பு. அதோட தரையில ஒரு உறுமல் வருது, வயித்துக்குள்ள குடையுது. நாய்க்கு அது இன்னும் பெருசா கேக்கும்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீ வாங்க வந்தியா, வம்பு பண்ண வந்தியா? நாய்க்கு வண்டி பாக்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா?"

"மாப்பிள்ளைன்னா இவ்வளவு பாக்க மாட்டேன். சரியில்லன்னா அனுப்பிடலாம்" என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

இருபத்தெட்டு வருடமாக ஆயிரம் வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பின்னால் படுத்துப் பார்த்ததில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

யார்டின் கோடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு சின்ன வேன் எட்டு மாதமாகக் கிடந்தது. கூரியர் கம்பெனி ஓட்டியது. வெள்ளை மங்கிப் போய், பக்கவாட்டில் எழுத்தைச் சுரண்டி எடுத்த தழும்போடு இருக்கும். இது என் கடையில் இருக்கிறது என்று சொல்லவே எனக்குக் கூச்சம். அதற்கு முன்னால் எப்போதும் ஒரு நல்ல வண்டியை நிறுத்தி மறைத்து வைப்பேன். அக்கா அதை மோப்பம் பிடித்து விட்டாள். டேப்பைப் பிடித்தாள். தரையிலிருந்து முழங்கால் உயரம். உள்ளே பலகை மாதிரி சமமான தளம். முன்வரிசைக்குப் பின்னால் டிரைவர் பக்கமாக ஒரே ஒரு சீட், மீதி எல்லாம் வெற்றிடம். டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தளத்தில் வைத்தாள், டிஷ்யூவைக் கட்டினாள், படுத்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டு ஓட்டினேன்.

முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம், பள்ளி முன்னால் இருக்கும் வேகத்தடை. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் தூக்கினேன். அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். டம்ளரில் தண்ணீர் ஒரு விரற்கடைதான் குறைந்திருந்தது.

"தூங்கிட்டேன்டா" என்று கண்ணைக் கசக்கினாள். "இந்த வண்டிதான்."

அடுத்த பத்து நாள் அவள் செய்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். நான் வியாபாரி, எதையும் லேசில் பாராட்ட மாட்டேன், பாராட்டினால் விலை ஏறும். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். முன்வரிசைக்குப் பின்னால் கம்பி வலை வைக்க வெல்டரைக் கூப்பிட்டாள். அவர் வைத்து முடித்ததும் கையில் கொஞ்சம் பஞ்சை எடுத்துக்கொண்டு வலையின் ஓரமெல்லாம் இழுத்துக்கொண்டே போனாள். எங்கே ஓர் இழை மாட்டினாலும் அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி. முதல் நாள் முப்பது புள்ளி. வெல்டர் அரத்தை எடுத்து ராவினார். மறுநாள் ஒன்பது. அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. மூன்றாம் நாள் பஞ்சு ஓர் இடத்திலும் மாட்டவில்லை. வெல்டர் வலையைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க கம்பெனியில வேலை காலி இருந்தா சொல்லுங்க" என்றார்.

மேனேஜர் நின்றால் தலை இடிக்கக் கூடாது, ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்க முடிய வேண்டும், அதற்கு மேல் ஒரு சாண்கூட இடம் இருக்கக் கூடாது என்று பக்கவாட்டில் பலகை அடித்துப் பஞ்சு மெத்தை வைத்தாள். "இடம் ஜாஸ்தியா விட்டா டம்ளர் உள்ளயே ஓடி ஓடி உடையும்" என்றாள். கழுத்துப்பட்டையில் எதையும் கட்டக் கூடாது. மார்பைச் சுற்றி ஒரு பெல்ட், அதிலிருந்து இரண்டு பக்கமும் தளத்தில் இரண்டு வளையம். டைப்பிஸ்டுக்குத் தனியாக ஒரு கூடை, அதன் ஒரு பக்கம் வலை, மேனேஜரின் முகம் தெரிகிற மாதிரி. குளிர் காற்றைப் பின்னால் தள்ள ஒரு சின்ன விசிறி. தளத்தில் வரி வரியான ரப்பர் விரிப்பு. ஏறுவதற்கு அகலமான ஒரு சாய்வுப் பலகை. அந்த ஒற்றைச் சீட்டை மட்டும் கழற்றவில்லை. "பக்கத்துல ஒரு ஆள் பெல்ட் போட்டு உக்காந்து வரணும்" என்றாள். யார் அந்த ஆள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு மூன்று வாரம் வண்டி அவள் வீட்டு முற்றத்தில் நின்றது. முதல் இரண்டு வாரம் என்ஜினைப் போடவே இல்லை. பின்கதவு திறந்தே இருக்கும், மேனேஜருக்குச் சாப்பாடு அதற்கு இருபது அடி தள்ளி. மறுநாள் பத்தொன்பது அடி. "இப்படிப் போனா ஆபரேஷன் தேதிக்கு டயர் பக்கத்துலதான் இருப்போம்" என்று நான் கத்தினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பதினாறாம் நாள் சாயங்காலம் நான் போனபோது அக்கா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். மேனேஜர் மெல்லச் சாய்வுப் பலகையில் ஏறி, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, படுத்தது. யாரும் கூப்பிடவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொன்னேன். அக்கா நம்பின மாதிரி நடித்தாள்.

அதற்கப்புறம் என்ஜின் ஓடியது, தெருவை ஒரு சுற்று, இரண்டு சுற்று. எல்லாம் நல்லபடியாக நடந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நான்தான், "குடு, ஆயில் மாத்தி, பிரேக் பாத்துக் கொண்டாறேன்" என்று வண்டியை யார்டுக்கு எடுத்துப் போனேன்.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. என் யார்டிலிருந்து எந்த வண்டியும் மின்னாமல் வெளியே போனதில்லை. அது பழக்கம் இல்லை, வெறி. பிரேக் எல்லாம் சரி பார்த்துவிட்டு, அக்கா வண்டி மங்கிப்போய்ப் போவதா என்று நானே உட்கார்ந்து துடைத்தேன். டாஷ்போர்டுக்குப் போடுகிற பாலிஷை எடுத்து டாஷ்போர்டு, கதவு, சக்கரம் என்று பூசினேன். கை நிற்கவில்லை. அந்த ரப்பர் விரிப்பிலும் வரி வரியாகப் பூசித் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அக்கா அசந்து போவாள் என்று விசிலடித்துக்கொண்டே ஓட்டிப் போனேன்.

மேனேஜர் வழக்கம்போல வந்தது. பலகையில் ஏறியது. முன்னங்கால் இரண்டையும் விரிப்பில் வைத்தது. இரண்டும் இரண்டு பக்கமாக வழுக்கிக்கொண்டு போயின. பின்பாகம் முறுகிக் கீழே உட்கார்ந்தது. அது கத்திய கத்தல் இரண்டு வருடத்துக்கு முன்பு நான் கேட்ட அதே கத்தல். எப்படியோ புரண்டு இறங்கி, மூன்று காலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடியது.

அக்கா முதலில் ஓடிப்போய் மேனேஜரின் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். புதிதாக எதுவும் அடிபடவில்லை. பிறகு வந்து விரிப்பில் ஒரு விரலை வைத்து எடுத்து மோந்து பார்த்தாள்.

"பாலிஷா?"

"பளபளன்னு இருக்கட்டும்னு..." என்றேன்.

அக்கா அந்த விரலை முந்தானையில் துடைத்தாள். "நல்லதுக்குன்னுதான் செஞ்ச" என்றாள். அதற்கு அவள் என்னைப் பளாரென்று ஓர் அறை விட்டிருக்கலாம்.

சோப்புத் தூள் போட்டு மூன்று தடவை தேய்த்தோம். வரிகளுக்குள் இறங்கியிருந்த பாலிஷ் போகவில்லை. அக்கா விரிப்பைச் சுருட்டி வீசிவிட்டு வீட்டுக்குள் போனாள். ஹாலில் கிடந்த கயிற்றுக் கார்பெட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். மேனேஜரின் கார்பெட். பேக்கிங் கத்தியை எடுத்து நடுவில் வைத்தாள்.

"அக்கா, ஹால் கார்பெட்டை ஏன்க்கா..."

"ஹாலுக்கு இடுப்பு வலிக்காதுடா" என்று சொல்லிவிட்டு நேராக ஒரே கோட்டில் வெட்டினாள்.

மறுநாள் முழுக்க மேனேஜர் வண்டிப் பக்கமே வரவில்லை. அதற்கடுத்த நாள்தான் தேதி. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஏழுக்குள் கிளம்பியாக வேண்டும். நான் ஆறு மணிக்குப் போனேன். இரவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லை. பின்கதவு திறந்திருந்தது, பலகை இறக்கியிருந்தது. டைப்பிஸ்ட் தன் கூடையில் ஏறிவிட்டு, எதற்குத் தாமதம் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அக்கா வேகவைத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டு பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையைப் பார்த்தேன். கோழித் துண்டைத் தன்னையறியாமல் நசுக்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் கண்ணாடியைத் தூக்கின கை அது. அது எதையும் நசுக்கி நான் பார்த்ததே இல்லை.

ஆறு நாற்பது ஆயிற்று. என்னால் தாங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் மண்டியிட்டு, தொப்பையையும் தூக்கிக்கொண்டு தவழ்ந்து ஏறினேன்.

"என்னடா பண்ற?"

"நானே படுத்துப் பாக்கறேன்க்கா. இன்னும் வழுக்குதா, எங்கயாவது குத்துதான்னு. முதல்லயே பாத்திருக்கணும்."

படுத்தேன். வழுக்கவில்லை. கயிறு கன்னத்தில் சுரசுரவென்று உரசியது. ஆறு வருடமாக அதில் படுத்த மேனேஜரின் வாசனை. கீழேயிருந்து பார்த்தால் அந்தச் சின்ன வேன் ஒரு பெரிய அறை மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் விழுந்து கிடந்தபோது மேனேஜரின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். சீட்டின் அடிப்பாகமும் என் முதுகும் தெரிந்திருக்கும். "மன்னிச்சிடு மேனேஜரு" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பலகை கிறீச்சென்றது. பிறகு சத்தம் இல்லை. மறுபடி ஒரு கிறீச்.

"அசையாத" என்று அக்கா மூச்சுக்குரலில் சொன்னாள்.

சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது. விலாவில் ஒரு தோள் வந்து முட்டியது. தன் கார்பெட்டில் ஒருத்தன் வந்து படுத்திருந்தால் எந்த மேனேஜர் சும்மா இருக்கும்! மூன்று காலில் நின்றுகொண்டு, தள்ளாடித் தள்ளாடி, அது என்னைத் தள்ளியது. வழக்கமாக நான் எழுந்துவிடுவேன். அன்றைக்கு எழவில்லை. அது தள்ளத் தள்ள இம்மி இம்மியாகப் புரண்டு, அந்த ஒற்றைச் சீட்டின் பக்கம் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றியது. பெருமூச்சு விட்டுப் படுத்தது. அக்கா வந்து இரண்டு பெல்ட்டையும் மாட்டினாள்.

"சீட்டுல உக்காந்து பெல்ட்டைப் போடு" என்றாள் என்னிடம். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

நாலு மணி நேரமும் அக்கா ஓட்டினாள். வண்டி நிறையக் கண்ணாடி ஏற்றியவள் மாதிரி ஓட்டினாள். பிரேக் எங்கே போட்டாள் என்றே தெரியவில்லை. முதல் அரை மணி நேரம் மேனேஜர் நடுங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் தாடையை என் காலின் மேல் வைத்துக்கொண்டது. கால் மரத்துப்போயிற்று. நான் எடுக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சர்ஜன் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "மூட்டை நான் சரி பண்ணிட்டேன். ரெண்டு வருஷமா அந்தக் கால ஊனாமலே பழகிட்டதால, அதுக்கு ஒரு கால் இருக்கிறதே மறந்துபோயிருக்கும். ஊனறதா வேணாமான்னு அதுதான் முடிவு பண்ணணும். ஆறு வாரம் பாருங்க. அதுக்குள்ள ஊனலைன்னா மூணு காலுதான்."

அக்கா காலையும் மாலையும் அந்தக் காலைப் பிடித்துவிட்டாள், மடக்கி நீட்டினாள். மேனேஜர் முனகாமல் கொடுத்தது. வலி போய்விட்டது, அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் நடக்கும்போது கால் தொங்கிக்கொண்டே வந்தது. ஒரு வாரம், மூன்று வாரம், ஐந்து வாரம். நான் தினமும் கடையை மூடிவிட்டு முதலில் அங்கேதான் போவேன், முதலில் அந்தக் காலைத்தான் பார்ப்பேன்.

ஆறு வாரம் முடிந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தது. அக்கா முன்னால் ஏறி, உள்ளே குளிரட்டும் என்று ஏசியைப் போட்டாள். நான் பின்கதவைத் தூக்கிப் பலகையை இறக்கினேன். மேனேஜர் தொட்டிப் பக்கம் போகவில்லை. நேராக வந்து பலகைக்குக் கீழே நின்றது. ஏறவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அக்கா, ஏற மாட்டேங்குது."

அக்கா கண்ணாடியில் பார்த்தாள். "நீ படுத்தாத்தானே அது வந்து விரட்டும்? போய்ப் படு."

சர்ஜனைப் பார்க்கப் போகிறோமே என்று அன்றைக்கு நல்ல சட்டை போட்டிருந்தேன், இஸ்திரி போட்டது. போனால் போகிறது. தவழ்ந்து ஏறிக் கார்பெட்டில் மல்லாந்து படுத்தேன். மேனேஜர் ஏறி வந்தது. விலாவில் தோளைக் கொடுத்தது. இந்தத் தடவை நான் சட்டென்று நகர்ந்துபோனேன். எங்கிருந்து வந்தது இத்தனை பலம் என்று நினைப்பதற்குள் தொடையில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

"அக்கா, இதுக்கு நகம் வெட்டணும். தொடையில குத்துது."

அக்கா கியரைத் தொடப் போன கையை அப்படியே நிறுத்தினாள்.

"எந்தக் காலு?"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் கார்பெட்டில் இருந்தன. வலது பின்னங்காலும் கார்பெட்டில்தான் இருந்தது.

"இடது பின்னங்கால்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "இடது பின்னங்கால்க்கா. ஊனித் தள்ளுது."

அக்கா என்ஜினை அணைத்தாள். இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்திருக்கப் போனேன்.

"எந்திரிக்காதடா" என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம் தள்ளட்டும்."